பூனையைத் தின்ற இளவரசனும் திரும்பி வந்த ஏரியும்

கிரேக்கப் புராணத்தில் எரிசிக்தோன் என்று ஓர் இளவரசன் வருகிறான். விருந்து மண்டபத்துக்குக் கூரை போட மரம் வேண்டும் என்று இருபது ஆட்களோடு, தானியங்களின் தெய்வமான டெமிட்டரின் தோப்புக்குள் கோடரியும் கையுமாக நுழைகிறான். டெமிட்டரே ஒரு பூசாரியம்மாள் வடிவில் வந்து "வேண்டாம் மகனே, விட்டுவிடு" என்று நயமாகச் சொல்லிப் பார்க்கிறாள். "தள்ளிப் போ, இல்லையென்றால் கோடரி உன் மேல்தான்" என்கிறான். சரி கட்டிக்கொள், இனிமேல் உனக்கு விருந்து நிறையவே தேவைப்படும் என்று சொல்லி, தீராத பசியை அவன் வயிற்றில் வைத்துவிடுகிறாள்.

கி.மு. 3ஆம் நூற்றாண்டில் கிரேக்கக் கவிஞர் கலிமாக்கஸ் எழுதிய வடிவத்தில் அடுத்து வருவது கிட்டத்தட்ட நகைச்சுவை. யாராவது விசேஷத்துக்கு அழைத்தால், மானம் போகுமே என்று அம்மா சாக்கு சொல்கிறாள்: பையன் ஊரில் இல்லை, குதிரையிலிருந்து விழுந்துவிட்டான், ஆடு எண்ணப் போயிருக்கிறான். உள்ளே அவன் கோவேறு கழுதை, பந்தயக் குதிரை எல்லாம் முடித்து, எலிகள் பயப்படும் பூனையையும் தின்றுவிட்டான். பிற்பாடு ரோமானியக் கவிஞர் ஓவிட் எழுதியபோது அவன் தன் உடம்பையே கடித்துத் தின்கிறான்.

புராணத்தில் அன்றே அறிவியல் இருந்தது என்ற ரகக் கட்டுரைகள் எனக்கு ஆகாது. ஆனால் இந்தக் கதை நடக்கும் இடத்தைப் பாருங்கள்: வடகிரேக்கத்தில் தெசலியின் டோட்டியன் சமவெளி. பக்கத்திலேயே ஓர் ஏரி. அன்று பெயர் போய்பெயிஸ், இன்று கார்லா. அந்த ஏரியை 1962இல் சுரங்கக் கால்வாய் வெட்டிக் கடலுக்கு வடித்துவிட்டார்கள். எரிசிக்தோன் மாதிரி திமிரால் செய்ததல்ல. மலேரியா கொடுமை நிஜம், வெள்ளம் நிஜம், விவசாயிக்கு நிலமும் தேவை.

பசி அதற்கப்புறம்தான் ஆரம்பித்தது. தெசலி பருத்தி விளையும் பூமி, கோடையில் தண்ணீர் குடிக்கும் பயிர். ஏரி போனதும் ஆழ்துளைக் கிணறுகள் வந்தன, நீர்மட்டம் இறங்க இறங்கக் கிணற்றையும் ஆழமாக்கினார்கள். மண்ணுக்கடியில் களிமண் அடுக்குகளின் நுண்ணிய துளைகளில் இருக்கும் நீர், மேலிருக்கும் பாரத்தில் ஒரு பங்கைத் தாங்கிக்கொண்டிருக்கிறது. அதை உறிஞ்சிவிட்டால் களிமண் நசுங்கி, நிலமே உட்காரும், வயலில் விரிசல் ஓடும். பின்னால் மழை பெய்தாலும் நசுங்கிய களிமண் பழையபடி உப்பாது. கிடைக்கிற ஒவ்வொரு கவளமும் அடுத்த கவளத்துக்கான பசியாகிறது என்று ஓவிட் எரிசிக்தோனைப் பற்றிச் சொல்வதும் இதே சுழல்தான்.

2023 செப்டம்பரில் டேனியல் புயல் வந்தது. ஐரோப்பாவின் நடுவே ஒரு உயர் அழுத்தம் நகராமல் நின்றதால், கிரேக்கத்தின் மேலிருந்த தாழ்வழுத்தத்துக்குப் போக வழியில்லை. சூடான ஈஜியன் கடலிலிருந்து ஈரக்காற்று வந்து பெலியோன் மலையில் மோதி மேலேறியது. மலையோரத்து ஜகோராவில் 5ஆம் தேதி ஒரே நாளில் 754 மில்லிமீட்டர் மழை. ஏதென்ஸில் வருடம் முழுக்கப் பெய்வதே சுமார் 400தான்.

தெசலி சுற்றிலும் மலை சூழ்ந்த தாம்பாளம், பினியோஸ் ஆறு கடலுக்குப் போக டெம்பி என்ற ஒரே ஒரு குறுகிய கணவாய். போசைடன் தெய்வம் பிளந்து கொடுத்த வழி என்று ஊர்க்காரர்கள் சொல்வதைக் கேட்ட கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ், நிலநடுக்கம் போசைடன் வேலை என்று நம்புகிறவருக்கு அது சரிதான், எனக்கு நிலநடுக்கத்தின் வேலையாகத் தெரிகிறது என்று கி.மு. 5ஆம் நூற்றாண்டிலேயே எழுதிவிட்டார். இந்த ஒரு வாயை அடைத்தால் தெசலி முழுக்க மூழ்கும் என்று பாரசீக மன்னன் செர்க்சஸ் கணக்குப் போட்டதாகவும் அவரே சொல்கிறார்.

டேனியல் அன்று அடைக்க யாரும் தேவைப்படவில்லை. வந்த வேகத்துக்கு வெளியே போகும் வழி போதாமல் தண்ணீர் சமவெளியில் தேங்கியது. முன்பெல்லாம் ஆறு பொங்கினால் உபரியை வாங்கிக்கொண்டது கார்லா. அந்தப் படுகையின் பெரும்பகுதியில் இப்போது வயல்கள். நிலம் உட்கார்ந்த இடங்களில் அந்தப் பள்ளமும் சேர்ந்து கூடுதல் ஆழம். கிரேக்கத்தில் 17 பேர் இறந்தார்கள். ஏரி தன் பழைய இடத்துக்கே திரும்பி வந்து, மாதக்கணக்கில் வடியாமல் கிடந்தது.

வெள்ளத்தோடு நன்னீர் மீன்களும் வந்து பெருகியிருந்தன. 2024 ஆகஸ்டில் அதே கால்வாய் வழியாக நீர் கடலுக்கு வடிந்தபோது அவையும் கூடவே போயின. நன்னீர் மீனின் உடம்பு, உள்ளே புகும் நீரை ஓயாமல் வெளியேற்றிக்கொண்டே இருக்கும்படி அமைந்தது. உப்புநீரில் நிலைமை தலைகீழ், செவுள் வழியே உடம்பு நீரைக் கடல் இழுத்துக்கொள்ளும். வோலோஸ் துறைமுகத்தில் 100 டன்னுக்கும் மேல் செத்த மீன் வெள்ளிப்பாய் விரித்ததுபோல மிதந்தது. கடற்கரை உணவகங்களில் அது சுற்றுலா சீசன், நாற்றத்தில் உட்கார முடியவில்லை.