ரஜாய்க்குள் எந்தப் பஞ்சு?

டெல்லிக்குப் படிக்கப் போகும் மகளுக்கு ரஜாய் (வடக்கே குளிருக்குப் போர்த்திக்கொள்ளும், பஞ்சு அடைத்த தடித்த போர்வை) வாங்க வேண்டும், உள்ளே பருத்தி நல்லதா பாலியஸ்டர் நல்லதா என்று வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார். எடை கூடினால் கதகதப்பும் கூடும் என்று கடைக்காரர் சொன்னாராம். பாதிதான் சரி.

பஞ்சுக்குச் சொந்தமாகச் சூடு கிடையாது. சூடு நம் உடம்பினுடையது. அதை வெளியே விடாமல் பிடித்து வைப்பது இழைகளுக்கு நடுவே இருக்கும் காற்று. அசையாத காற்று வெப்பத்தை மிக மெதுவாகக் கடத்தும். தண்ணீர் அதைப்போல 20 மடங்குக்கு மேல் கடத்தும். ஆனால் காற்றைச் சும்மா விட்டால் சுழல ஆரம்பித்துவிடும், பள்ளியில் படித்த வெப்பச்சலனம்தான். அதை அங்கங்கே நிறுத்தி வைப்பதே இழையின் வேலை. அதனால் எடையை விடத் தடிமன்தான் முக்கியம்.

தடிமன் நிலைக்க இழை விறைப்பாக இருக்க வேண்டும். இந்த இடம்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது. ஒரே பொருளாலான இரண்டு இழைகளில் ஒன்றின் விட்டம் இரு மடங்கு என்றால், அதை வளைக்க 16 மடங்கு பலம் வேண்டும். அதற்காக இழையைத் தடிமனாக்கினால் அதே எடைக்கு இழைகள் குறைந்துபோகும், காற்று நழுவும். என்ன வழி? மூங்கிலைப் போல உள்ளே கூடாக விட்டுவிடுவது.

பருத்தி இழையும் காய்க்குள் இருக்கும்வரை குழல்தான். காய் வெடித்து ஈரம் உலர்ந்ததும் அந்தக் குழல் அமுங்கி, முறுக்கிய நாடாவாகிவிடுகிறது. அந்த முறுக்கால்தான் நூல் நூற்க முடிகிறது. ரஜாய்க்குள் போட்டாலோ நாளாக நாளாகப் படிந்துபோகிறது. வடக்கே குளிர் தொடங்கும் முன் பழைய ரஜாயைப் பிரித்துப் பஞ்சை அடித்து வாங்குவது இதனால்தான்.

நம் போடி பக்கத்து இலவம் பஞ்சில் குழல் அமுங்குவதில்லை. இழையின் பெரும்பகுதி காற்று, மேலே மெழுகு. ஒரு காலத்தில் லைஃப் ஜாக்கெட்டுக்குள் இதைத்தான் அடைத்தார்கள். ஆனால் சுவர் மெல்லியது, நாளடைவில் நொறுங்கித் தூளாகும், தலையணையோடு நிறுத்திக்கொள்ளலாம். இலவம் பஞ்சு உடல் சூட்டை இழுத்துக்கொள்ளும் என்று விற்கிறார்களே, காற்று அடைத்த குழாய் எப்படி ஐயா குளிர்விக்கும்? காந்த மெத்தையைப் பற்றிப் பேச்சே எடுக்காதீர்கள்.

பாலியஸ்டரில் இந்தத் துளையை ஆலையிலேயே வைத்து, இழையைச் சுருட்டியும் விடுகிறார்கள். அழுத்தினால் மீண்டும் எழும், துவைத்தால் சீக்கிரம் காயும். குறை என்னவென்றால் அது ஈரத்தை ஏற்பதே இல்லை எனலாம். பருத்தியோ சாதாரணக் காற்றிலேயே தன் எடையில் 7–8 சதவீதம் ஈரம் வைத்திருக்கும். இரவு வியர்வையையும் வாங்கிக்கொள்வதால் புழுக்கம் குறைவு. வெயிலில் போட மொட்டை மாடியும் பஞ்சு அடிக்க ஆளும் உள்ள வீட்டுக்குப் பருத்தி. ஹாஸ்டல் அறைக்குத் துளையுள்ள பாலியஸ்டர்தான் என் ஓட்டு.

தையலையும் பாருங்கள். தையல் ஓடும் கோட்டில் பஞ்சு நசுங்கிவிடுவதால் சூடு அந்த வழியாகத்தான் அதிகம் கசியும். உதிரிப் பருத்தி ஓரத்துக்கு ஒதுங்காமல் இருக்க நெருக்கமான தையல் வேண்டும். தகடாக ஒட்டி வரும் பாலியஸ்டருக்கு அகலத் தையலே போதும்.

லேபிளில் போட்டிருக்கும் ஜிஎஸ்எம், அதாவது ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் என்பது, வெறும் எடைக் கணக்கு. ஒரே ஜிஎஸ்எம்மில் இரண்டை எடுத்து நான்காக மடித்து, மேலே கொஞ்ச நேரம் உட்கார்ந்து எழுந்திருங்கள். எது அதிகம் உப்பி எழுகிறதோ அதற்கு பில் போடச் சொல்லுங்கள்.