லிஃப்ட் செய்த வண்டிக்கு டயர் வாங்கும் முன்

கோவையில் பல வருடங்களாக டயர், வீல் அலைன்மென்ட் வேலை செய்து வருகிறேன். முன்பெல்லாம் ஜீப் என்றால் எஸ்டேட் வண்டி மட்டும்தான் வரும். 2020இல் புது மகிந்திரா தார் வந்த பிறகு நிலைமை மாறிவிட்டது. லிஃப்ட் கிட் போட்டு, அதாவது சஸ்பென்ஷனை உயர்த்தி, பாடியை இரண்டு இஞ்ச் தூக்கிய வண்டியோடு வாரம் ஒருவராவது வருகிறார். எல்லோரும் கேட்பது ஒன்றுதான். "அண்ணா, வண்டியைத் தூக்கியாச்சு. முப்பத்துமூணு இஞ்ச் டயர் போட்டுடலாம்ல?"

போடலாமா என்பதற்கு முன்னால், வண்டி எங்கே ஓடுகிறது என்று நான் கேட்பேன். மாதத்தில் எத்தனை நாள் ரோட்டில், எத்தனை நாள் காட்டில்? பெரும்பாலும் வரும் பதில், வாரம் முழுக்க ஆபீஸ், மாதம் ஒரு நாள் மலை. அப்படியானால் அந்த ஒரு நாளுக்காக மற்ற இருபத்தொன்பது நாளையும் அடகு வைக்கக் கூடாது.

பெரிய டயர் உண்மையில் என்ன கொடுக்கிறது என்று ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். தாரில் வரும் ஒரு சைஸ் 245/75 ஆர்16. 245 மில்லிமீட்டர் அகலத்தில் 75 சதவீதம்தான் பக்கச் சுவரின் உயரம், அதாவது சுமார் 184. மேலும் கீழும் சேர்த்து 367. பதினாறு இஞ்ச் ரிம் 406. ஆக மொத்த உயரம் 774 மில்லிமீட்டர். இதே ரிம்மில் 285/75 போட்டால் 834, எல்லோரும் கேட்கும் முப்பத்துமூணு இஞ்ச் இதுதான். அறுபது மில்லிமீட்டர் கூடுகிறது. ஆனால் ஆக்சில் டயரின் நடுவில் அல்லவா இருக்கிறது? அதனால் பின் ஆக்சிலின் நடுவில் கீழே தொங்கும் டிஃபரென்ஷியல் உருண்டை தரையிலிருந்து உயர்வது முப்பது மில்லிமீட்டர் மட்டுமே. இன்னொன்றையும் கவனியுங்கள். லிஃப்ட் கிட் பாடியைத்தான் தூக்கும், பின் ஆக்சிலைத் தூக்காது. கல் இடிக்கும் இடத்தை உயர்த்த டயர் ஒன்றுதான் வழி. டயரின் மேல் இருக்கும் ஆசையில் நியாயம் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அந்த முப்பது மில்லிமீட்டருக்குக் கொடுக்கும் விலை கொஞ்சமல்ல.

முதல் விலை மீட்டரில். 834 உயர டயரில் மீட்டர் 80 காட்டும்போது வண்டி 86இல் போய்க்கொண்டிருக்கும். மீட்டரில் பத்தாயிரம் ஓடியிருந்தால் உண்மையில் ஓடியது சுமார் பத்தாயிரத்து எழுநூற்றைம்பது. ஆயில் சர்வீஸ் தள்ளிப்போகும். "மைலேஜ் அடிவாங்கிடுச்சு" என்று வருகிறவர்களுக்கு நான் முதலில் இந்தக் கணக்கைத்தான் சொல்வேன். பெரிய டயர் டீசலைக் கூடுதலாகக் குடிப்பது உண்மைதான், ஆனால் மீட்டர் குறைத்துக் காட்டும் தூரமும் அதில் சேர்ந்திருக்கிறது.

இரண்டாவது விலை இறக்கத்தில். இதைத்தான் நான் அதிகம் பயப்படுகிறேன். டயர் பெரிதானால் எல்லா கியரும் கொஞ்சம் நீண்டுவிடும், அதாவது என்ஜினின் ஒரு சுற்றுக்கு வண்டி முன்னைவிட அதிக தூரம் போகும். ஏற்றத்தில் கிளட்ச் தேயும், அது பணத்தோடு போகும். இறக்கத்தில் இரண்டாவது கியரில் என்ஜின் முன்போல இழுத்துப் பிடிக்காது. அந்த வேலையும் பிரேக் தலையில் விழும். கனமான டயரைச் சுழற்சியிலிருந்து நிறுத்துவதே பிரேக்குக்குத் தனிச் சுமை. வால்பாறையிலிருந்து ஆழியாருக்கு நாற்பது கொண்டை ஊசி வளைவு. ஒரு தம்பி பெரிய மட் டயரோடு அங்கே போய் இறங்கி, மறுநாள் காலை கடைக்கு வந்தார். பிரேக் மிதித்தால் ஸ்டீயரிங் உதறியது. கழற்றிப் பார்த்தால் பிரேக் டிஸ்க் சூட்டில் நீலம் பாரித்திருந்தது. மட்கார்டு உள்பக்க பிளாஸ்டிக் ஒரு மூலையில் கிழிந்து தொங்கியது. வண்டியில் மனைவியும் கைக்குழந்தையும் இருந்தார்கள் என்று அப்புறம்தான் சொன்னார். எனக்குக் கொஞ்ச நேரம் பேச்சே வரவில்லை.

அடுத்து டயரின் ரகம். எச்டி ரோட்டுக்கு, எம்டி சேற்றுக்கு, ஏடி இரண்டுக்கும் நடுவில். எம்டியின் பட்டன் பெரிதாக, இடைவெளி விட்டு இருக்கும். மழை பெய்த கரிசல் மண்ணில் அதன் அருமை தெரியும். ஏடி டயரின் இடுக்கெல்லாம் களிமண் அடைத்து மொட்டை டயர் மாதிரி ஆகிவிடும் இடத்தில், எம்டி மண்ணை உதறிக்கொண்டு ஏறிவிடும். ஆனால் ரோட்டில் அந்த இடைவெளியே எதிரி. தரையைத் தொடும் ரப்பர் குறைவு, ஐப்பசி மழையில் பிரேக் பிடித்தால் வண்டி நிற்க அதிக தூரம் எடுக்கும். சத்தமும் சீக்கிரத் தேய்மானமும் வேறு. திருச்செந்தூர்ப் பக்கம் தேரி மணலுக்குப் போகிறவர்களுக்கு எம்டி தேவையே இல்லை. அது மணலைத் தோண்டி உள்ளே இறங்கும். காற்றைப் பதினெட்டு பிஎஸ்ஐ வரை குறைத்த ஏடி டயர் மணல் மேல் மிதந்து போகும். வெளியே வந்ததும் மறக்காமல் காற்று நிரப்ப வேண்டும்.

டயரின் பக்கச் சுவரைப் படிக்கப் பழகுங்கள். சைஸுக்குப் பின்னால் 112எஸ் என்று இருந்தால், ஒரு டயர் 1,120 கிலோ தாங்கும், அதிகபட்ச வேகம் 180. கம்பெனி கொடுத்த எண்ணைவிடக் குறைவாக வாங்கக் கூடாது. சைஸுக்கு முன்னால் எல்டி என்று இருந்தால் அது லைட் டிரக் ரகம், கொஞ்சம் கனமான டயர். அதே எடையைத் தாங்க அதற்குக் கூடுதல் காற்று வேண்டும். கதவோரம் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர் அளவு அதற்குப் பொருந்தாது. கடைசியாக நான்கு இலக்கம். 2322 என்றால் 2022இன் இருபத்துமூன்றாவது வாரத்தில் செய்தது. தள்ளுபடியில் வரும் அபூர்வ சைஸ்கள் பல வருடம் குடோனில் கிடந்தவையாக இருக்கலாம். பில் போடும் முன் ஐந்து டயரிலும் பாருங்கள்.

ஆமாம், ஐந்து. ஃபோர் வீல் டிரைவ் வண்டியில் முன்னும் பின்னும் சுற்றளவு வேறுபட்டால், நான்கு சக்கரமும் இழுக்கும் 4எச் போட்ட உடனே, முன்னுக்கும் பின்னுக்கும் சக்தியைப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ் முறுக்கிக்கொள்ளும். காட்டில் பஞ்சராகி, பழைய சின்ன ஸ்டெப்னியை மாட்டினால் அதுதான் நடக்கும். பெரிய ஸ்டெப்னியைச் சுமப்பது தாரின் பின்கதவு. கீல் தொங்குகிறதா என்று அவ்வப்போது பார்க்க வேண்டும்.

சட்டத்தையும் சொல்லாமல் விடக் கூடாது. மோட்டார் வாகனச் சட்டம் 52ஆவது பிரிவின்படி, தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தியது. லிஃப்ட் கிட்டே இதில் சிக்கும். விபத்து என்று வந்தால் இன்ஷூரன்ஸ்காரர் முதலில் பார்ப்பதும் அதைத்தான். மாற்றம் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது.

அந்தத் தம்பிக்குக் கடைசியில் 265/75 ஆர்16 ஏடி போட்டோம். உயரம் 804, மீட்டர் வித்தியாசம் நான்கு சதவீதத்துக்குள். லிஃப்டுக்குப் பிறகு அவர் அலைன்மென்டே பார்த்திருக்கவில்லை, அதையும் சரி செய்தோம். முன்பக்க ஆக்சில் மூட்டை மூடியிருக்கும் ரப்பர் பூட் ஒன்றில் வெடிப்பு. தூக்கிய வண்டியில் அந்த மூட்டு வளைந்தே ஓடுவதால் இது நடக்கும். டயர் மாட்டியதும் ஒரு முன்சக்கரத்தை ராம்ப் மேல் ஏற்றி, ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் முழுக்க ஒடித்து, எங்காவது உரசுகிறதா என்று கை விட்டுப் பார்த்தேன். சமதரையில் மட்டும் பார்த்தால் இது தெரியாது. எங்கும் உரசவில்லை. நூறு கிலோமீட்டர் ஓட்டிவிட்டு நட்டை மறுபடி முறுக்க வரச் சொன்னேன். நான்காம் நாளே வந்துவிட்டார், இடது பின்சக்கரத்தில் இரண்டு நட்டு கால் சுற்று ஏறியது.