தள்ளா, இழுப்பா?

"உடம்புக்கே உறைக்காத குட்டி நிலநடுக்கங்களை ஜப்பானில் எதற்கு இப்படி விழுந்து விழுந்து பதிவு செய்கிறார்கள்?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

பூமியின் மேலோடு பல பெரும் பாறைத் தட்டுகளாகப் பிரிந்திருக்கிறது. அவற்றில் ஒன்றான பசிபிக் தட்டு ஆண்டுக்கு சுமார் 8 செ.மீ. நகர்ந்து, வடகிழக்கு ஜப்பானான தோஹோகுவின் அடியில் நுழைகிறது. மேற்கே போகப் போக நிலநடுக்கங்களின் ஆழம் கூடுவதை 1935இல் ஜப்பானிய நிலநடுக்க ஆய்வாளர் கியோ வடாடி காட்டினார். தட்டு சரிந்து இறங்கும் பாதை அது. இதெல்லாம் பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது.

எனக்கு அலுக்கவே அலுக்காதது அடுத்த விஷயம். நிலநடுக்க அலை வந்து சேர்ந்ததும் பதிவுக்கருவியின் கோடு முதலில் மேலே எழுகிறதா, கீழே இறங்குகிறதா? மேலே என்றால் பாறை நம் பக்கம் தள்ளியிருக்கிறது. கீழே என்றால் இழுத்திருக்கிறது. ஜப்பானியர் இவற்றை 'ஓஷி', 'ஹிகி' என்பார்கள்: தள்ளு, இழுப்பு. பல இடங்களின் பதிவுகளை வரைபடத்தில் குறித்தால் நான்கு கால்பகுதிகளாக, ஒன்றுவிட்டு ஒன்று, தள்ளும் இழுப்பும் பிரிந்து நிற்கும். எந்தத் திசையில் பாறை நெரிபட்டிருந்ததோ அந்தத் திசையில் இழுப்பு; எந்தத் திசையில் விலகியதோ அங்கே தள்ளு. பல கி.மீ. ஆழத்துத் தகைவை, அதாவது பாறையை நெரிக்கும் அல்லது இழுக்கும் விசையை, இந்தச் சிறு கோட்டிலிருந்து படித்துவிடலாம்!

1970களில் தோஹோகு பல்கலைக்கழகத்தார் இப்படிப் பார்த்தபோது, இறங்கும் தட்டுக்குள் 30 முதல் 40 கி.மீ. இடைவெளியில் இரண்டு நிலநடுக்க அடுக்குகள் தெரிந்தன. மேலடுக்கில் நெரிசல், கீழடுக்கில் இழுவிசை. பழைய ரப்பர் ஒன்றை வளைத்துப் பாருங்கள்: முதுகில் வெடிப்பு விடும், அடிப்பக்கம் சுருங்கும். நிமிர்த்தினால் வெடிப்பு மூடிக்கொள்ளும், அடிப்பக்கம் இழுபடும். கடலடி அகழியில், அதாவது தட்டு உள்ளே நுழையும் பள்ளத்தில், வளைந்த தட்டு ஆழத்தில் நிமிர்கிறது என்பதே பலரும் ஏற்கும் விளக்கம். பாறைக் கனிமங்கள் வெளிவிடும் நீரும் அங்கே நிலநடுக்கங்களுக்கு உதவுகிறது.

1995 கோபே நிலநடுக்கத்துக்குப் பிறகு ஜப்பான் நாடெங்கும் துளையிட்டு ஏறத்தாழ 800 இடங்களில் நுண்கருவிகளை இறக்கியது. எதுவும் நடக்காத வருடங்களிலும் இதற்குப் பணம் ஒதுக்கத்தான் வேண்டும். அமைதிக்காலப் பதிவு கையில் இல்லாவிட்டால் மாற்றத்தை எதோடு ஒப்பிடுவது?

2011 மார்ச் 11 அன்று 9.0 அளவு நிலநடுக்கத்தில், ஒன்றையொன்று பற்றியிருந்த தட்டுகளின் பிடி விட்டது. அதுவரை கிழக்கு மேற்காக நெரிபட்டுவந்த தோஹோகு நிலத்தில் சில இடங்களில் குட்டி நிலநடுக்கங்கள் இழுவிசையைக் காட்டத் தொடங்கின. சரியாக ஒரு மாதம் கழித்து இவாகி நகரருகே அளவு 7 நிலநடுக்கம். நிலம் பிளந்து, ஒரு பக்கம் சுமார் 2 மீட்டர் கீழே இறங்கி நின்றது.