ஸ்ட்ரோக் என்ற சொல்லில் மூளை எங்கே?

“ஸ்ட்ரோக்னா ஹார்ட்டுதானே டாக்டர்? இசிஜி நார்மல்னு சொல்லி வீட்டுக்கு அனுப்பிட்டாங்களே!”

வாய் கோணி, வலது கை தொங்கிப்போன கணவரை மறுநாள் காலையில் கூட்டி வந்த ஓர் அம்மா கேட்டது இது. நரம்பியல் பிரிவில் இந்தக் கேள்வி எனக்குப் புதிதில்லை. ஸ்ட்ரோக் வருவது மூளையின் ரத்தக்குழாய் அடைத்தோ கசிந்தோதான். ஆனால் அவர்மேல் தப்பு இல்லை, அந்தச் சொல் அப்படி.

ஆங்கிலத்தில் ஸ்ட்ரோக் என்றால் அடி. ‘ஸ்ட்ரைக்’ அதன் பங்காளிச் சொல். வேடிக்கை என்னவென்றால், பூனையைத் தடவிக்கொடுப்பதும் ஸ்ட்ரோக்தான். ஸ்ட்ரைக்கின் பழைய ஆங்கில மூலத்துக்கே மெல்லத் தேய்த்துச் செல்வது என்ற பொருள் உண்டு. நீச்சலில் கைவீச்சு, தூரிகையின் ஓர் இழுப்பு, மணியோசை எல்லாம் இதே சொல். சரி, நோய்க்கு ஏன் இந்தப் பெயர்? நின்று பேசிக்கொண்டிருந்தவர் திடீரென்று சரிந்தால், 16ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் கடவுளின் கை அடித்துவிட்டதாகச் சொன்னார்கள். கிரேக்க மருத்துவர்கள் வைத்த ‘அப்போப்ளெக்சி’க்கும் அடித்து வீழ்த்தப்படுவது என்றே பொருள்.

1658-இல் சுவிட்சர்லாந்து மருத்துவர் யோஹான் யாக்கோப் வெப்ஃபர், இப்படி இறந்தவர்களின் மூளைக்குள் ரத்தம் கசிந்திருந்ததைக் கண்டு எழுதினார். பெயர் மட்டும் மாறவில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டிலேயே, 10ஆம் பதிப்பில் ரத்த ஓட்ட நோய்களோடு இருந்த ஸ்ட்ரோக், 2022-இல் நடைமுறைக்கு வந்த 11ஆம் பதிப்பில்தான் நரம்பு மண்டல நோயானது.

நம் சொல் மட்டும் என்ன வாழ்ந்தது? பக்கவாதம் என்றால் ஒரு பக்கத்தைப் பிடித்த வாதம். வாதம் என்றதும் எண்ணெய் போட்டு நீவலாமா, புறா ரத்தம் தடவலாமா என்று மனசு அங்கே போய்விடுகிறது.

இதில் இன்னொரு சிக்கல், ஸ்ட்ரோக் பெரும்பாலும் வலிக்காது. நெஞ்சு வலித்தால் ஓடுகிறவர்கள், கை மரத்தால் “தூங்கி எழுந்தா சரியாயிடும்” என்று படுத்துவிடுகிறார்கள். மூளையின் பெரிய ரத்தக்குழாய் ஒன்று அடைத்தால் நிமிடத்துக்குச் சுமார் 19 லட்சம் நரம்பணுக்கள் அழியும். அடைப்பைக் கரைக்கும் ஊசியை வழக்கமாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அடைப்பைக் கருவியால் வெளியே இழுக்கும் சிகிச்சை, ஸ்கேன் பார்த்துத் தேர்ந்தெடுத்த சிலருக்கு 24 மணி நேரம்வரை உதவும்.

ஆகவே வாய் ஒரு பக்கம் கோணினாலோ, தூக்கிய கை தானாக இறங்கினாலோ, பேச்சு குழறினாலோ உடனே 108. மூன்றும் சேர்ந்து வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். சிடி ஸ்கேன் வசதி உள்ள மருத்துவமனைக்கே போங்கள்; அடைப்பா கசிவா என்று ஸ்கேன்தான் சொல்லும். அதற்கு முன்னால் பக்கத்து வீட்டுக்காரர் நீட்டும் ஆஸ்பிரின் வேண்டாம், கசிவாக இருந்தால் ஆபத்து. தண்ணீரும் புகட்டாதீர்கள், புரையேறும்.

நாங்கள் முதலில் கேட்பது, கடைசியாக எப்போது நன்றாக இருந்தார் என்பதைத்தான். அந்த அம்மாவிடமும் கேட்டேன்.

“நேத்து ராத்திரி ஒன்பது மணி. சாப்பிடும்போது கையிலேர்ந்து தட்டு நழுவிடுச்சு. கொஞ்சங்கூட லேட் பண்ணலைங்க, பத்தே நிமிஷத்துல இசிஜி எடுத்துட்டோம்.”