தட்டில் செத்த செல்

மூன்றாவது கீமோவுக்கு வந்திருந்த ஓர் அம்மாவின் மகன், ட்ரிப் ஏற்றும் முன்பே என் அறைக்குள் வந்து போனை நீட்டினார். வாட்ஸ்அப் வீடியோ. நுண்ணோக்கியின் கீழ் புற்றுநோய் செல்கள் சுருங்கி, கொப்புளம் கொப்புளமாகப் பொங்கிச் சிதறுகின்றன.

"நம்ம உடம்புல இருக்கிற எதிர்ப்பு சக்திப் புரதமே கேன்சரைக் கொல்லுதாம் டாக்டர். அப்புறம் எதுக்கு அம்மாவுக்கு முடி கொட்டுற மருந்து?"

வீடியோ பொய்யில்லை. அதுதான் சிக்கல்.

இந்த வகைப் புரதங்களில் மருத்துவ உலகத்துக்கு நன்றாகப் பாடம் நடத்தியது டிஎன்எஃப். 'டியூமர் நெக்ரோசிஸ் ஃபேக்டர்', அதாவது கட்டியைச் சாகடிக்கும் பொருள். 1975இல் நியூயார்க்கின் ஸ்லோன் கெட்டரிங் புற்றுநோய் ஆய்வு மையத்தில் லாயிட் ஓல்ட் என்ற ஆய்வாளரின் குழு எலிகளுக்கு முதலில் பிசிஜி கொடுத்தது (நம் குழந்தைகளுக்குப் பிறந்ததும் தோளில் போடுகிறோமே, அதேதான்). பிறகு பாக்டீரியா நச்சு. அந்த எலிகளின் சீரத்தை (ரத்தம் உறைந்தபின் மிஞ்சும் தெளிந்த நீர்) கட்டியுள்ள வேறு எலிகளுக்கு ஏற்றியபோது, கட்டிக்குள் ரத்தம் கசிந்து அது கருத்துச் செத்தது.

படிக்கும் காலத்தில் இதன் ஆய்வகச் சோதனையை நானும் செய்திருக்கிறேன். 96 குழிகள் உள்ள பிளாஸ்டிக் தட்டு. குழிதோறும் எல்929 என்ற எலி செல்கள். டிஎன்எஃப் விட்டு ஓர் இரவு 37 டிகிரி இன்குபேட்டரில் வைப்போம். மறுநாள் கழுவி, கிரிஸ்டல் வயலட் சாயம் ஊற்றினால் பிழைத்த செல்கள் அடியில் ஊதாவாக ஒட்டியிருக்கும். செத்தவை கழுவிய தண்ணீரோடு போயிருக்கும். குழி பளிச்சென்று வெறுமையாக இருக்கும். பார்க்கப் பரவசம்தான்.

ஆனால் அந்தக் குழியில் டிஎன்எஃப் மட்டும் இல்லை. ஆக்டினோமைசின் டியும் கலந்திருந்தோம். காரணம் இருக்கிறது. டிஎன்எஃப் செல்லின் மேல் ஒட்டியதும் உள்ளே இரண்டு கட்டளைகள் போகின்றன. ஒன்று 'சாவு' என்கிறது. இன்னொன்று 'தற்காப்புப் புரதங்களைத் தயார் செய்' என்கிறது. பெரும்பாலான செல்களில் இரண்டாவதுதான் ஜெயிக்கும். ஆக்டினோமைசின் அந்தத் தயாரிப்பை முடக்கிவிடும். அந்த ஆக்டினோமைசின் என்ன மருந்து தெரியுமா? கீமோ. குழந்தைகளுக்கு வரும் வில்ம்ஸ் சிறுநீரகக் கட்டிக்கு இன்றும் கொடுக்கிறோம். முடியும் கொட்டும்.

1980களில் டிஎன்எஃபை நோயாளிகளுக்கு நரம்பு வழியாகவே கொடுத்துப் பார்த்தார்கள். குளிர்காய்ச்சல், நடுக்கம், தடாலென்று இறங்கும் பிபி. ரத்தத்தில் கிருமி பரவி ஐசியுவுக்குப் போகிறவர்களின் பிபி சரிவதிலும் இதே புரதத்துக்குப் பங்குண்டு. உடம்பு தாங்கிய அளவில் கட்டி பெரும்பாலும் அசையவில்லை.

கடைசியில் ஐரோப்பாவில் ஒரு மூலையில் அதற்கு வேலை கிடைத்தது. கை காலில் வரும், வெட்டி எடுக்க முடியாத சில சார்கோமா (தசை, கொழுப்பு போன்ற திசுக்களில் வரும் புற்றுநோய்) கட்டிகளுக்கு, அந்த ஒரு காலின் ரத்த ஓட்டத்தை மட்டும் உடம்பிலிருந்து பிரித்து, இதய-நுரையீரல் இயந்திரத்தில் இணைத்து, லேசாகச் சூடேற்றி, மெல்ஃபலான் என்ற கீமோவோடு டிஎன்எஃப் விடுகிறார்கள். முடிந்ததும் காலின் ரத்தக் குழாய்களில் மிஞ்சிய மருந்தை அலசி வெளியேற்றிவிட்டுத்தான் பழைய ஓட்டத்தோடு சேர்ப்பார்கள். அங்கேயும் டிஎன்எஃப் முக்கியமாகத் தாக்குவது கட்டிக்குத் தீனி போடும் ரத்தக் குழாய்களை. தட்டில் ரத்தக் குழாய் ஏது?

இன்னொரு வேடிக்கை. மூட்டு வாத மருத்துவர்கள் இன்று எழுதும் இன்ஃபிளிக்சிமாப் டிஎன்எஃபைத் தடுக்கும் மருந்து. அதைத் தொடங்கும் முன் டிபி இருக்கிறதா என்று கட்டாயம் பார்ப்பார்கள். உடம்பில் டிபி கிருமியை அடைத்து வைத்திருக்கும் காவலாளிகளில் டிஎன்எஃபும் ஒன்று.

எதிர்ப்பு சக்திப் புரதங்களால் பயனே இல்லை என்று நான் சொல்லவில்லை. 1997இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ரிட்டுக்சிமாப் ஓர் எதிர்ப்புரதம்தான் (ஆன்டிபாடி). சில நிணநீர்ப் புற்றுநோய்களுக்கு நானே எழுதுகிறேன், பெரும்பாலும் கீமோவோடு சேர்த்து.

இதையெல்லாம் சுருக்கிச் சொன்னேன். அவர் வீடியோவை மறுபடி ஓட்டினார்.

"எவ்வளவு போட்டாங்க, கூட வேற என்ன கலந்தாங்கன்னு இதுல சொல்லவே இல்லையே, டாக்டர்?"

"சொல்ல மாட்டாங்க, தம்பி."

அன்று அம்மாவுக்கு ட்ரிப் பதினொன்றே காலுக்கு ஏறியது.