இடர்க்காரணி: 'ரிஸ்க் ஃபேக்டர்' என்பதன் பொருளும் தமிழும்

கோழிப்பண்ணைகளில் பறவைக் காய்ச்சல் பரவுவதைப் பற்றிய கட்டுரை எதுவானாலும் 'ரிஸ்க் ஃபேக்டர்' என்ற தொடர் அதில் வந்துவிடும். தமிழில் எழுதும்போது ஒருவர் அதை 'ஆபத்துக் காரணி' என்கிறார், இன்னொருவர் 'அபாயக் காரணி' என்கிறார். வேறு சிலர் 'நோய்க்கான காரணங்கள்' என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறார்கள். முதல் இரண்டையாவது ஏற்றுக்கொள்ளலாம். மூன்றாவது பொருளையே மாற்றிவிடுகிறது.

பறவைக் காய்ச்சலுக்குக் காரணம் ஒன்றே ஒன்றுதான்: இன்ஃப்ளுயன்சா ஏ வகை வைரஸ். பண்ணைக்குப் பக்கத்துக் குளமோ, வலசை வரும் வாத்தோ, தீவனம் இறக்க வந்த லாரியோ நோயை உண்டாக்குவதில்லை. வைரஸ் கொட்டகைக்குள் நுழையவும், நுழைந்தபின் பரவவும் இருக்கும் வாய்ப்பை அவை கூட்டுகின்றன. அப்படி வாய்ப்பைக் கூட்டும் ஒவ்வொன்றும் ஒரு 'ரிஸ்க் ஃபேக்டர்'. குளத்தருகே இருக்கும் எல்லாப் பண்ணைக்கும் நோய் வராது. குளமே இல்லாத இடத்துப் பண்ணைக்கும் வரலாம். காரணத்துக்கும் காரணிக்கும் உள்ள வேறுபாடு இதுதான்.

'ரிஸ்க்' என்ற சொல் இத்தாலியில் வணிகர்கள் நடுவே புழங்கியது. கடலில் போகும் சரக்குக்கு நேரக்கூடிய இழப்பைக் குறிக்க அதைப் பயன்படுத்தினார்கள். பிரெஞ்சு வழியாக 17-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குப் போனது. 'நேரக்கூடிய' என்பதைக் கவனியுங்கள். கப்பல் மூழ்கிவிட்டால் அது இழப்பு. மூழ்கலாம் என்ற நிலையில்தான் ரிஸ்க். 'ஃபேக்டர்' லத்தீனிலிருந்து வந்தது. 'செய்வது', 'செய்பவர்' என்று பொருள். இரண்டையும் சேர்த்து மருத்துவத்தில் பரவலாக்கியது அமெரிக்காவின் ஃபிரேமிங்ஹாம் இதய ஆய்வு. 1948-இல் தொடங்கிய அந்த ஆய்வின் குழுவினர், 1961-இல் வெளியிட்ட கட்டுரையில், உயர் ரத்த அழுத்தம் போன்றவற்றை இதயத் தமனி நோய்க்கான 'ரிஸ்க்கின் காரணிகள்' என்று குறிப்பிட்டார்கள். இதய மருத்துவத்தில் பழகிய அந்தச் சொல் பிறகு கால்நடை மருத்துவத்துக்கும் வந்து சேர்ந்தது.

தமிழில் என்ன சொல்வது? 'ஆபத்து' எல்லோருக்கும் புரியும் சொல்தான். ஆனால் தீங்கு விளைவிக்கும் பொருளையும் ஆபத்து என்கிறோம், தீங்கு நேரும் வாய்ப்பையும் ஆபத்து என்கிறோம். நோய்த்தடுப்பில் இந்த இரண்டையும் பிரித்தே ஆக வேண்டும். எங்கோ ஒரு காட்டு வாத்தின் குடலில் இருக்கும் வைரஸ் ஓர் ஆபத்து. அது இந்தக் கொட்டகைக்குள் வருவதற்கு எவ்வளவு வாய்ப்பு, வந்தால் எவ்வளவு இழப்பு என்பதைச் சேர்த்துச் சொல்ல வேறு சொல் தேவை. அதற்கு 'இடர்' பொருந்துகிறது. 'சொல்மாலை இடராழி நீங்குகவே' என்று பொய்கையாழ்வார் பாடிய அதே இடர். அங்கே அதற்குத் துன்பம் என்று பொருள். இன்று 'பேரிடர் மேலாண்மை', 'இடர் மதிப்பீடு' என்ற தொடர்கள் வழியாக, வரக்கூடிய துன்பம் என்ற பொருளும் அதில் ஏறிவிட்டது. பழைய சொல், புதிய வேலையை ஏற்றுக்கொண்டிருக்கிறது. எனக்கு இதில் நிறைவுதான்.

'காரணி' என்பதைப் பள்ளிக் கணக்கிலேயே படித்திருக்கிறோம். 12-இன் காரணிகள் 1, 2, 3, 4, 6, 12. இந்தக் கணக்குப் பொருள் இங்கேயும் உதவுகிறது. இடர்க்காரணிகள் பெரும்பாலும் கூட்டலாகச் சேர்வதில்லை, பெருக்கலாகச் சேர்கின்றன. அருகில் நீர்நிலை இருப்பது ஒன்று. அதே பண்ணையில் வாத்தும் கோழியும் சேர்ந்து மேய்வது இன்னொன்று. அதே ஆள் இரண்டு பண்ணைகளில் வேலை பார்ப்பது மூன்றாவது. மூன்றும் சேர்ந்தால் இடர் பல மடங்காகிறது. மாறாக, வைரஸ் உள்ளே வரும் வழியை நன்றாக அடைத்துவிட்டால், மற்றவை அப்படியே இருந்தாலும் மொத்த இடர் வெகுவாகக் குறைந்துவிடும்.

பண்ணையில் இந்தக் காரணிகள் எப்படி வேலை செய்கின்றன என்று பார்த்தால்தான் சொல்லின் பொருள் முழுதாகப் பிடிபடும். முதலில் நீர்ப்பறவைகள். காட்டு வாத்து, கடற்காகம், உள்ளான் போன்றவை இந்த வைரஸின் இயற்கைப் புகலிடம். பல நேரம் நோய்க்குறி எதுவும் இல்லாமல் எச்சத்தில் வைரஸை வெளியேற்றுகின்றன. குளிர்ந்த நீரில் அது வாரக்கணக்கில் உயிர்ப்போடு இருக்கும். அதனால்தான் வலசைக் காலமும் குளிர்காலமும் கவலைக்குரியவை. குளத்து நீரைச் சுத்திகரிக்காமல் கோழிக்குக் குடிக்கக் கொடுப்பது, தீவனம் சிந்திக் கிடந்து காட்டுப் பறவைகளை வரவழைப்பது, வலையடிக்காத ஜன்னல், திறந்தவெளி மேய்ச்சல் எல்லாம் இந்த வழியைச் சேர்ந்தவை.

அடுத்தது மனிதர்களும் வண்டிகளும். என் பார்வையில் பலர் குறைத்து மதிப்பிடும் பகுதி இதுதான். வைரஸ் செருப்பில் ஒட்டிய எச்சத்தில் வரும், முட்டை அட்டையில் வரும், கோழி ஏற்றும் கூண்டில் வரும், ஒரு பண்ணையிலிருந்து வாடகைக்கு எடுத்த கருவியில் இன்னொரு பண்ணைக்குப் போகும். 2014-15-இல் அமெரிக்காவில் பரவிய நோயில் ஏறத்தாழ 5 கோடிப் பறவைகள் இறந்தன அல்லது அழிக்கப்பட்டன. காட்டுப் பறவைகள் வழியாக நுழைந்த வைரஸ், பிறகு பண்ணையிலிருந்து பண்ணைக்கும் தாவியது. முட்டைக்கோழிப் பண்ணைகளை ஆராய்ந்தபோது, இறந்த கோழிகளை அள்ளிச் செல்லும் வண்டிகளும் குப்பை வண்டிகளும் கொட்டகை அருகே வருவது இடர்க்காரணிகளாகத் தெரிந்தன. உள்ளே வருபவர்கள் உடை மாற்றிக்கொள்வது காப்பதாகத் தெரிந்தது.

அப்புறம் நெருக்கம். 2003-இல் நெதர்லாந்தில் எச்7என்7 என்ற வகைப் பறவைக் காய்ச்சல் வைரஸ் பரவியபோது ஏறத்தாழ 3 கோடிப் பறவைகளை இழந்தார்கள். பண்ணைகள் நெருக்கமாக இருந்த பகுதியில் அதைக் கட்டுப்படுத்துவது பெரும்பாடாக இருந்தது. இதில் நுணுக்கமான விஷயம் ஒன்றும் உண்டு. எச்5, எச்7 வகைகள் வீரியம் குறைந்த நிலையில் கோழிக் கூட்டத்துக்குள் வந்து, அங்கே சுற்றிச்சுற்றிப் பெருகும்போது வீரியம் மிக்கவையாக மாறக்கூடும். லேசான நோய்க்குறிதானே என்று விட்டுவிடுவதும், மாதிரியைச் சோதனைக்கு அனுப்பத் தாமதிப்பதும் அதனால் இடர்க்காரணிகளே. உயிருள்ள கோழிகளை விற்கும் சந்தைகள் பல இடத்துப் பறவைகளை ஒன்றாகக் கலப்பதால் இந்த வரிசையில் கட்டாயம் வரும். காற்றில் தூசியோடு வைரஸ் போவதும் உண்டு, ஆனால் அது பெரும்பாலும் குறுகிய தொலைவுக்குத்தான்.

ஒன்றை இடர்க்காரணி என்று எப்படி முடிவு செய்கிறார்கள்? நோய் வந்த பண்ணைகளையும் வராத பண்ணைகளையும் எடுத்துக்கொண்டு இரண்டிலும் என்னென்ன வேறுபடுகிறது என்று ஒப்பிடுகிறார்கள். நோய் வந்தவற்றில் ஒரு பழக்கம் அதிகமாகக் காணப்பட்டால் அது சந்தேகத்துக்குரியது. ஆனாலும் உடனே தீர்ப்புச் சொல்ல முடியாது. பெரிய பண்ணைக்கு வண்டிகள் அதிகம் வரும், ஆட்களும் அதிகம் வருவார்கள். அப்படியென்றால் இடர் கூடியது அளவாலா, வண்டியாலா, ஆளாலா? இதைப் பிரித்தெடுக்கத்தான் புள்ளியியல் வேண்டியிருக்கிறது. இந்த நிதானத்தைச் சொல்லிலும் காட்ட வேண்டும். 'வாத்துகளால் நோய் வந்தது' என்று எழுதினால் அது தீர்ப்பு. 'வாத்தையும் கோழியையும் சேர்த்து வளர்ப்பது ஓர் இடர்க்காரணி' என்று எழுதினால் அது ஆய்வு சொல்வது. முதல் வாக்கியத்தைப் படிக்கும் பண்ணையாளர் தன்மேல் பழி விழுந்ததாக நினைப்பார். இரண்டாவதைப் படிப்பவருக்கு எதை மாற்றலாம் என்று தெரியும். நோய் வந்து கோழிகளை மொத்தமாக இழந்து நிற்பவரிடம் பேசும் மொழி இது என்பதால் இந்த வேறுபாட்டை நான் வலியுறுத்துகிறேன்.

எழுதும்போது நடுவில் வரும் 'க்' என்ற ஒற்றெழுத்தை விட்டுவிட வேண்டாம். நீர் + பறவை 'நீர்ப்பறவை' ஆவதுபோல இடர் + காரணி 'இடர்க்காரணி'. இரண்டு சொல்லாகப் பிரித்து 'இடர் காரணி' என்று பல இடங்களில் எழுதுகிறார்கள், சேர்த்து எழுதுவதே சரி. இடரைக் குறைப்பது 'காப்புக்காரணி'. உடை மாற்றுவது, ஒவ்வொரு கொட்டகைக்கும் தனிச் செருப்பு வைத்திருப்பது, ஒரு தொகுதிக் கோழிகளை முழுவதுமாக அனுப்பிவிட்டு தரையில் பரப்பிய ஆழ்கூளத்தை அகற்றி, கொட்டகையைக் கழுவி, காயவிட்ட பிறகே அடுத்த தொகுதிக் குஞ்சுகளை இறக்குவது ஆகியவை அந்தப் பெயருக்குள் வரும். 'ஆபத்துக் காரணி' என்று எழுதிப் பழகியவர்கள் பொதுவான இடங்களில் அதையே தொடர்ந்தாலும் தவறில்லை. ஆபத்தையும் இடரையும் ஒரே பத்தியில் வேறுபடுத்திச் சொல்ல வேண்டி வரும்போது மட்டும் 'இடர்க்காரணி' என்றே எழுதுங்கள்.