‘நோ காஸ்ட் இ.எம்.ஐ.’: அந்த வட்டியைக் கட்டுவது யார்?

கோயம்புத்தூர் வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடு உண்டு. அதைச் செய்து சொந்த வலைத்தளத்திலேயே விற்கும் ஒரு சிறு கம்பெனியை எடுத்துக்கொள்வோம். டில்டிங் கிரைண்டர் ஒன்றின் விலை 12,000 ரூபாய். மொத்தமாகக் கட்டச் சொன்னால் யோசிப்பவர், வட்டியே இல்லாமல் ஆறு மாதம், மாதம் 2,000 (இதைத்தான் ‘நோ காஸ்ட் இ.எம்.ஐ.’ என்கிறார்கள்) என்றால் வாங்கிவிடுவார். அதனால் பணம் கட்டும் பக்கத்தில் யு.பி.ஐ., கார்டு, நெட் பேங்கிங் வரிசையில் ‘இ.எம்.ஐ.’ என்று இன்னொரு பட்டனையும் சேர்க்கலாம் என்று முதலாளி முடிவெடுக்கிறார்.

பார்வைக்கு அது பணம் கட்டும் இன்னொரு வழி மாதிரிதான் இருக்கும். உண்மையில் அந்த இடத்தில் நடப்பது கடன் வழங்கல். யாருக்குக் கொடுக்கலாம், எவ்வளவு கொடுக்கலாம், என்ன வட்டி என்று ஒரு வங்கிக் கிளை நாள் கணக்கில் பார்க்கும் வேலையை அந்தப் பக்கம் சில வினாடிகளில் முடிக்கிறது. பலர் நினைப்பதுபோலக் கடைக்காரர் கடன் கொடுப்பதில்லை. கடன் கொடுப்பது கார்டு கொடுத்த வங்கி. கடைக்காரருக்குக் கமிஷன் போக மீதி மொத்தமாக ஓரிரு வேலைநாளில் வந்துவிடும். வாடிக்கையாளர் மூன்றாம் மாதம் டியூ கட்டாமல் விட்டால் அது வங்கியின் தலைவலி.

முதலில் வட்டியோடு வரும் சாதாரணத் தவணையின் கணக்கு. 12,000 ரூபாய், ஆண்டுக்கு 15 சதவீத வட்டி, ஆறு மாதத் தவணை. மாத வட்டி 1.25 சதவீதம். ஆறு தவணையும் ஒரே தொகையாக இருக்க வேண்டும், ஆறாவது தவணையோடு பாக்கி பூஜ்யமாக வேண்டும். இந்த இரண்டு நிபந்தனையும் சேர்ந்தால் விடை ஒன்றே ஒன்றுதான். 1.0125 என்ற எண்ணை ஆறு முறை பெருக்கினால் 1.07738. அதை 0.0125-ஆல் பெருக்கி, 0.07738-ஆல் வகுத்தால் 0.17403. இதை அசலால் பெருக்கினால் மாதத் தவணை 2,088 ரூபாய் 41 காசு.

முதல் மாதம் 12,000-க்கு வட்டி 150 ரூபாய். கட்டிய 2,088-இல் அது போக மீதி அசலில் கழிகிறது. பாக்கி 10,061 ரூபாய் 59 காசு. இரண்டாம் மாத வட்டி அந்தப் பாக்கிக்கு மட்டும், 125 ரூபாய் 77 காசு. இப்படியே குறைந்துகொண்டு வந்து ஆறாம் மாதம் வட்டி 26 ரூபாய்கூட இருக்காது. மொத்த வட்டி சுமார் 530 ரூபாய். இதே 15 சதவீதத்தை வண்டிக் கடன்காரர்கள் சொல்லும் ‘ஃபிளாட் ரேட்’டில் போட்டால், அசல் குறைவதைக் கண்டுகொள்ளாமல், அரை வருடத்துக்கு 900 ரூபாய் ஆகும், தவணை 2,150. சதவீதம் ஒன்றுதான், கணக்குப் போடும் விதம்தான் வேறு. யாராவது வட்டி விகிதம் சொன்னால் இது ஃபிளாட்டா, குறையும் பாக்கிக்கா என்று கேட்காமல் தலையாட்டக் கூடாது.

காசு விஷயத்தில் இன்னொரு சின்ன வில்லங்கம் உண்டு. 2,088.41-ஐ ஆறால் பெருக்கினால் உண்மையான மொத்தத்தைவிட மூன்று காசு கூடுதலாக வரும். சில வங்கிகள் ரூபாய்க்கு முழுமையாக்கும், சில காசு வரை வைத்து கடைசித் தவணையில் சரிக்கட்டும். ஆகவே இந்தச் சூத்திரத்தைத் தன் தளத்தில் தானே எழுதி ‘உங்கள் தவணை இவ்வளவு’ என்று காட்டுவது ஆபத்து. வங்கி அனுப்பும் ஸ்டேட்மென்ட்டில் வேறு எண் இருக்கும், போன் கடைக்குத்தான் வரும். எந்த வங்கி, எத்தனை மாதம், என்ன விகிதம் என்ற பட்டியலைப் பேமென்ட் கேட்வேயிடமிருந்து (கடைக்கும் வங்கிக்கும் நடுவே நின்று பணத்தை வாங்கித் தரும் நிறுவனம்) அவ்வப்போது வாங்கிக் காட்டுவதே சரி.

இனி, பட்டனை அழுத்தியபின் நடப்பதைப் பார்ப்போம். கேட்வே எதுவானாலும் வரிசை பெரும்பாலும் ஒன்றுதான். ரேசர்பேயை உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். வாடிக்கையாளர் ‘ஆர்டர் செய்’ என்றதும் கடையின் சர்வர், கேட்வேயின் சர்வரில் ஒரு ஆர்டரைப் பதிவு செய்கிறது. தொகையைக் காசில் சொல்ல வேண்டும்: 12,000 ரூபாய் என்பது 1200000. (இரண்டு பூஜ்யத்தை விட்டுவிட்டு 120 ரூபாய்க்குக் கிரைண்டர் விற்கும் விபத்து, சோதனை ஓட்டத்தில் பிடிபட்டால் சிரிப்பு, நேரலையில் என்றால் அழுகை.) தொகையைச் சர்வர்தான் சொல்ல வேண்டும், வாடிக்கையாளரின் பிரவுசர் சொல்லக் கூடாது. பிரவுசரில் இருப்பதை யார் வேண்டுமானாலும் மாற்றலாம்.

அடுத்து திறக்கும் கார்டு பெட்டி கடையுடையதே அல்ல, கேட்வேயுடையது. கார்டு எண் கடையின் கண்ணில் படுவதே இல்லை. எண்ணைத் தட்டத் தட்ட இரண்டு சோதனைகள் ஓடுகின்றன. முதலாவது லூன் சோதனை. ஐ.பி.எம். பொறியாளர் ஹான்ஸ் பீட்டர் லூன் 1954-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த முறை இது. வலதுகோடியிலிருந்து இரண்டாவதில் தொடங்கி ஒன்று விட்டு ஒரு இலக்கத்தை இரட்டித்து (இரட்டித்தது பத்து அல்லது அதற்கு மேல் போனால் அதன் இரண்டு இலக்கங்களையும் கூட்டி) எல்லாவற்றையும் கூட்டினால், பத்தால் மீதமின்றி வகுபட வேண்டும். நிரலாளர்கள் சோதனைக்குப் போடும் 4111 1111 1111 1111 என்ற எண்ணையே பாருங்கள். முதலில் உள்ள 4 இரட்டித்து எட்டு, ஏழு ஒன்றுகள் இரட்டித்து பதினான்கு, மற்ற எட்டு ஒன்றுகள் எட்டு, கூட்டினால் 30. பாஸ். ஒரு இலக்கம் தவறாகத் தட்டினால் கூட்டல் கட்டாயம் உதைக்கும். வங்கியைக் கேட்காமலே தட்டச்சுப் பிழையைப் பிடித்துவிடலாம்.

இரண்டாவது சோதனைதான் இ.எம்.ஐ.க்கு உயிர். கார்டு எண்ணின் முதல் ஆறு இலக்கங்கள் (இப்போது எட்டாக விரிந்துகொண்டிருக்கிறது) அதைக் கொடுத்த வங்கியைச் சொல்லும். கிரெடிட்டா டெபிட்டா என்பதும் அதிலிருந்தே தெரியும். கேட்வே தன்னிடம் உள்ள அட்டவணையில் தேடி, இந்த வங்கிக்கு இ.எம்.ஐ. உண்டா, இந்தத் தொகைக்கு உண்டா என்று பார்க்கிறது. சில ஆயிரம் ரூபாய்க்குக் கீழே பெரும்பாலான வங்கிகள் தவணை தருவதில்லை. முன்பே சேமித்துவைத்த கார்டானால் வழி கொஞ்சம் வேறு. 2022 அக்டோபர் 1 முதல் கார்டு எண்ணைக் கடையோ கேட்வேயோ சேமிக்க ரிசர்வ் வங்கி அனுமதிப்பதில்லை. எண்ணுக்குப் பதிலாக ஒரு டோக்கன், அதாவது ஒரு மாற்றுக் குறியீடுதான் இருக்கும். ஆனால் கடைசி நான்கு இலக்கமும் வங்கியின் பெயரும் வைத்துக்கொள்ளலாம் என்பதால் தவணைத் திட்டத்தைக் காட்டுவது தடைபடாது.

பிறகு ஓ.டி.பி. கார்டு விவரம் போக இப்படி இன்னொரு சரிபார்ப்பு 2009 ஆகஸ்ட் முதல் இணையக் கார்டு பரிவர்த்தனைக்கு இங்கே கட்டாயம். ஓ.டி.பி. சரியானதும் வாடிக்கையாளர் போனுக்கு 12,000 ரூபாய் முழுதாகக் கழிந்ததாக எஸ்.எம்.எஸ். வரும். இங்கேதான் பலருக்கும் பதற்றம். மாதம் இரண்டாயிரத்துச் சொச்சம் என்றார்களே, மொத்தமும் போய்விட்டதே! பல வங்கிகளில் பரிவர்த்தனை முதலில் சாதாரண வாங்கலாகவே பதிவாகிறது. இது இ.எம்.ஐ. என்ற தகவல் தனியாக வங்கிக்குப் போய், சில நாள் கழித்துத்தான் தவணையாக மாறும். அதுவரையும் அதற்குப் பிறகும் கார்டின் கடன் வரம்பில் முழுத்தொகையும் பிடித்துவைக்கப்பட்டிருக்கும், டியூ கட்டக் கட்ட விடுபடும். ஆர்டர் உறுதிப் பக்கத்தில் இதை இரண்டு வரியில் எழுதிவைத்தால் கடைக்கு வரும் பாதி போன் குறையும்.

பணம் வந்ததாகப் பிரவுசர் சொல்வதையும் நம்பக் கூடாது. ஆர்டர் எண், பேமென்ட் எண் இரண்டையும் ஒட்டி, கடைக்கும் கேட்வேக்கும் மட்டும் தெரிந்த ஒரு ரகசியச் சாவியையும் கலந்து, எஸ்.எச்.ஏ.-256 என்ற ஹேஷ் முறையில் (எந்தத் தகவலையும் ஒரு நிலையான நீளமுள்ள குறியீடாக மாற்றும் கணக்கு) கேட்வே ஒரு கையொப்பம் உண்டாக்கி அனுப்புகிறது. கடையின் சர்வர் அதே சாவியால் அதே கணக்கைத் தானும் போட்டு, இரண்டும் எழுத்துக்கு எழுத்து பொருந்தினால்தான் ஆர்டரை ஏற்கிறது. வாடிக்கையாளர் நடுவில் பிரவுசரை மூடிவிட்டால்? கேட்வே நேராகக் கடையின் சர்வருக்கு அனுப்பும் ‘வெப்ஹுக்’ தகவல் அதற்காகத்தான். அது இரண்டு மூன்று முறையும் வரலாம். ஒவ்வொரு முறைக்கும் ஒரு கிரைண்டரை அனுப்பிவிடாமல் நிரலை எழுத வேண்டும்.

இப்போது தலைப்பில் கேட்ட கேள்விக்கு வருவோம். ‘நோ காஸ்ட்’ என்றால் வங்கி வட்டி வாங்குவதில்லை என்று பொருளா? இல்லை. 2013 செப்டம்பரிலேயே ரிசர்வ் வங்கி, பூஜ்ய வட்டி என்ற ஒன்று கிடையாது, வட்டி வேறு உருவத்தில் ஒளிந்திருக்கிறது என்று வங்கிகளைக் கண்டித்தது. அதற்குப் பிறகு வந்த ஏற்பாடு இது: ஆறு தவணையும் தலா 2,000 ஆக வேண்டுமானால் அசல் என்னவாக இருக்க வேண்டும் என்று மேலே போட்ட கணக்கைத் திருப்பிப் போடுகிறார்கள். 2,000-ஐ 0.17403-ஆல் வகுத்தால் 11,492. ஆக, கார்டில் 12,000-க்குப் பதில் 11,492 மட்டும் எடுக்கப்படுகிறது. 508 ரூபாய் தள்ளுபடி. அந்த 11,492-க்கு வங்கி 15 சதவீத வட்டியைத் தவறாமல் போட்டு, ஆறு மாதத்தில் 12,000-ஆக வசூலிக்கிறது. தள்ளுபடியைச் சுமப்பது கிரைண்டர் செய்பவரோ விற்பவரோதான். கேட்வே கமிஷன் 2 சதவீதம், அதற்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம் என்று வைத்தால் இன்னும் 271 ரூபாய் போய், கடைக்காரர் கையில் வருவது சுமார் 11,221.

வாடிக்கையாளருக்கும் சும்மா கிடைப்பதில்லை. சாதாரணக் கடன் வட்டிக்கு ஜி.எஸ்.டி. விலக்கு உண்டு, கிரெடிட் கார்டு வட்டிக்கு அது கிடையாது. 508 ரூபாய் வட்டிக்கு 18 சதவீதம், சுமார் 91 ரூபாய், தவணைகளில் பிரிந்து வரும். வங்கி செயலாக்கக் கட்டணமாக 199 ரூபாய் வாங்கினால், வரியோடு 235. மொத்தம் 326 ரூபாய் கூடுதல். பாக்கி மாதாமாதம் குறைவதைக் கணக்கில் எடுத்தால், இது ஆண்டுக்கு ஒன்பது சதவீதத்துக்கு மேல் வட்டி கட்டியதற்குச் சமம். கட்டணம் நிலையானது என்பதால் பொருளின் விலை குறையக் குறைய இந்தச் சதவீதம் ஏறும். 4,000 ரூபாய் மிக்ஸியை இப்படி வாங்குவதில் எனக்குச் சுத்தமாக நியாயம் தெரியவில்லை. மொத்தமாகக் கட்டினால் அதே 508-ஐக் கடைக்காரர் குறைத்துத் தருவாரா என்று கேட்டுப் பார்ப்பது நல்லது.

வெளிநாட்டில் கதை வேறு. சுவீடனில் 2005-இல் தொடங்கிய கிளார்னாவும், ஆஸ்திரேலியாவில் 2014-இல் வந்த ஆஃப்டர்பேயும் வங்கி தரும் கார்டுக் கடனை நம்பி நிற்பவை அல்ல. ஆஃப்டர்பேயில் விலையை நான்காகப் பிரித்து இரண்டு வாரத்துக்கு ஒன்றாகக் கட்டலாம். வாடிக்கையாளருக்கு வட்டி இல்லை, வருமானம் பெரும்பாலும் கடைக்காரர் தரும் கமிஷனிலிருந்து. இந்தியாவில் அப்படி முளைத்த சில கம்பெனிகள் கடன் பணத்தை வாலட்டில் நிரப்பித் தந்தன. 2022 ஜூனில் ரிசர்வ் வங்கி அதைத் தடுத்தது. அதே ஆண்டு செப்டம்பரில் வந்த டிஜிட்டல் கடன் நெறிமுறை, எல்லாக் கட்டணமும் சேர்ந்த ஆண்டு விகிதத்தைக் கடனுக்கு முன்பே தாளில் காட்டச் சொன்னது. கார்டு இல்லாதவருக்கு போன் எண்ணையும் பான் எண்ணையும் வைத்து நிதி நிறுவனங்கள் தரும் ‘கார்டுலெஸ்’ இ.எம்.ஐ. இந்த விதிக்குள் வருவது. அந்தத் தாளைப் படிக்க வாடிக்கையாளருக்கு அரை நிமிடம் கொடுக்காமல் அடுத்த பக்கத்துக்குத் தள்ளுவது கெட்டிக்காரத்தனம் அல்ல.

கடைக்காரர்கள் அதிகம் அடிபடுவது பட்டன் வேலைசெய்த பிறகுதான். தளத்தின் ஆர்டர் 12,000 என்கிறது, வந்த பேமென்ட் 11,492 என்கிறது. தொகை பொருந்தாவிட்டால் ஆர்டரை நிறுத்திவை என்று முன்பே எழுதிய நிரல், நோ காஸ்ட் ஆர்டர் ஒவ்வொன்றையும் நிறுத்திவைக்கும். தள்ளுபடியைத் தனி வரியாகப் பதிந்து, இரண்டையும் கூட்டி ஒப்பிடச் சொல்ல வேண்டும். மாத முடிவில் ஆடிட்டரும் இதைத்தான் முதலில் கேட்பார்.

கிரைண்டரின் கல் உடைந்து வந்து, வாடிக்கையாளர் திருப்பி அனுப்பினால் சிக்கல் இன்னும் கூடும். கடை 11,492-ஐத் திருப்பித் தரும். அது கார்டில் வரவாகும். ஆனால் தவணைக் கடன் தானாக மூடிக்கொள்ளும் என்று சொல்ல முடியாது. பல வங்கிகளில் வாடிக்கையாளரே கூப்பிட்டுத் தவணையை ரத்து செய்யச் சொல்ல வேண்டும். அதுவரை போட்ட வட்டியும் அதன் ஜி.எஸ்.டி.யும் செயலாக்கக் கட்டணமும் பெரும்பாலும் திரும்பாது. இரண்டு பொருள் வாங்கி ஒன்றை மட்டும் திருப்பினால் தவணை மாறாமல் அப்படியே ஓடும், திரும்பிய பணம் தனி வரவாக நிற்கும். இதெல்லாம் வங்கிக்கு வங்கி மாறும். ஆகவே ரீஃபண்ட் மெயிலில் ‘பணம் திருப்பப்பட்டது’ என்று மட்டும் எழுதினால் போதாது. அடுத்த பில் தேதிக்குள் வங்கியைக் கூப்பிட்டு இ.எம்.ஐ.யை ரத்து செய்யச் சொல்லுங்கள் என்ற வரியோடு, பேமென்ட் எண்ணையும் சேர்த்து அனுப்ப வேண்டும். வங்கிக்காரர் அதைத்தான் கேட்பார்.